நான்கு வரிச் செய்தியில் விட்டுப்போனது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் 16 உலக மயக்கவியல் நாள். அன்று மாலை எங்கள் மயக்க மருத்துவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. மறுநாள் உங்கள் நாளிதழில் நான்கு வரியில் செய்தியும் அதற்கு மேலே ஒரு படமும் வந்திருந்தன. புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்றார்கள், ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது, சிறப்பு விருந்தினர் பேசினார், மூத்த உறுப்பினர்களுக்கு நினைவுப் பரிசு தரப்பட்டது. எல்லாம் நடந்ததுதான். ஒரே ஒரு பிழை. படத்துக்குக் கீழே ‘அறுவை சிகிச்சை நிபுணர்கள்’ என்று போட்டிருந்தீர்கள். படத்தில் நிற்கிற 11 பேரில் கத்தி பிடிப்பவர் ஒருவர்கூட இல்லை.

கோபித்துக்கொண்டு எழுதவில்லை. எங்களுக்கு இது பழகிப்போனது. வயிற்றைத் திறந்தவரின் பெயரை நோயாளி ஆயுள் முழுக்க நினைவில் வைத்திருப்பார். நாலு மணி நேரம் தலைமாட்டில் நின்று மூச்சு கொடுத்தவரை, ‘யாரோ வந்து ஊசி போட்டாங்க, அப்புறம் ஒண்ணும் தெரியாது’ என்பார். ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை என்பதால் அதில் குறை சொல்லவும் வழியில்லை.

எழுதுவதற்குக் காரணம் வேறு. அந்த ஆண்டறிக்கையை எழுதியவன் நான். மூன்று ஆண்டுகள் செயலாளராக இருந்துவிட்டு இந்த மாதத்தோடு இறங்குகிறேன். உங்கள் நிருபர் அறிக்கையின் முதல் இரண்டு பக்கங்களைப் புரட்டியிருப்பார். அவர்மேல் தப்பில்லை, சொல்லவேண்டியதை ஒன்பதாம் பக்கத்தில் கொண்டுபோய் ஒளித்தவன் நான். முன்பக்கங்களில் இருப்பது எல்லாச் சங்கத்து அறிக்கையிலும் இருப்பதுதான். உறுப்பினர் எண்ணிக்கை கூடியது, 12 மாதக் கூட்டங்கள் நடந்தன, அல்ட்ராசவுண்டில் நரம்பைப் பார்த்து மரப்பு ஊசி போடுவதற்கு ஒரு பயிலரங்கு, இளையவர்களுக்கு வினாடி வினா, மலர் வெளியீடு. மலரில் மருந்துக் கம்பெனி விளம்பரம் எத்தனை பக்கம், எங்கள் ஆட்கள் எழுதிய கட்டுரை எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்த்தேன். அந்தக் கணக்கை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பெட்டியைப் பற்றி 14 வரி இருந்தது.

ஓட்டுப் பெட்டி மாதிரி, மேலே ஒரு கீறல், பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டு. மாதக் கூட்டம் நடக்கிற கட்டடத்தில் அதை எங்கே வைப்பது என்பதற்கே அரை மணி நேரம் பேசினோம். வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், கையெழுத்துப் போட வரிசையில் நிற்பவர்கள் கண்ணெதிரே யார் வந்து சீட்டுப் போடுவார்? கடைசியில் கழிப்பறைக்குப் போகும் வழியில் வைத்தோம். யார் எதற்கு அந்தப் பக்கம் போனார் என்று யாரும் கேட்க முடியாது.

பெட்டியில் போடவேண்டியது, தன் கையால் நடந்த தவறு. அல்லது நடக்கப்போய் மயிரிழையில் தப்பியது. சீட்டில் மூன்றே கேள்விகள்: என்ன நடந்தது, என்ன ஆகியிருக்கும், எது காப்பாற்றியது. பெயர் கூடாது. மருத்துவமனை, தேதி கூடாது. நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் கூடாது. கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம் என்பதால் தட்டச்சு செய்து போடச் சொன்னோம். மாதக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரம் அதற்கு. நான் வாசிப்பேன், எல்லோரும் பேசுவோம், பேசி முடித்ததும் எல்லோருக்கும் முன்னால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவேன். பாடம் மட்டும் ஒரு நோட்டில் ஏறும்.

இது எங்கள் மூளையில் உதித்த யோசனை இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படையில், விமானிகளிடம் ‘ஆபத்து நெருங்கிவந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்டுத் தொகுத்தார்கள். அந்த முறையை பாஸ்டனில் ஜெஃப்ரி கூப்பர் என்பவர் மயக்க மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். அவர் மருத்துவர்கூட இல்லை, பொறியாளர். மருத்துவர்களை உட்காரவைத்து, தப்பாகப் போன கதைகளைச் சொல்லச் சொன்னார். 1978இல் வெளியான அவருடைய ஆய்வில் 359 சம்பவங்கள் இருந்தன. அவற்றில் 82 சதவீதம் மனிதத் தவறு. இயந்திரம் பழுதானதால் நேர்ந்தவை சொற்பம். குழாய் கழன்றதைக் கவனிக்காதது, வாயுக் குமிழைத் தவறாகத் திருப்பியது, ஒரு சிரிஞ்சுக்குப் பதில் இன்னொன்றை எடுத்தது. எங்கள் பெட்டிக்கு வந்த சீட்டுகளைப் படித்தபோது, அரை நூற்றாண்டு கழித்தும் அதே பட்டியலையே படிப்பதுபோல் இருந்தது.

ஆனால் சீட்டுகள் அவ்வளவு சுலபமாக வரவில்லை. முதல் மூன்று மாதம் பெட்டி காலி. ஒவ்வொரு கூட்டத்திலும் பூட்டைத் திறப்பேன், கையை விட்டுத் துழாவுவேன், வெறும் கையோடு வந்து மேடையில் நிற்பேன். பின்வரிசையில் சிரிப்பு.

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர், இப்போது எண்பதை நெருங்குகிறவர், ஒருநாள் என்னைத் தனியாக அழைத்தார். “ஏம்ப்பா, உனக்கு எதுக்கு இந்த வேலை? நாளைக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தா இந்தப் பெட்டிதான் முதல் சாட்சி.” அவர் பயந்தவர் இல்லை. ஒரு காலத்தில், கையில் கடிகாரமும் காதில் ஸ்டெதஸ்கோப்பும் தவிர ஒன்றும் இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்களைத் தூங்கவைத்து எழுப்பியவர். அவர் சொன்னதில் நியாயமும் உண்டு. அதனால்தான் சீட்டைக் கிழிக்கும் ஏற்பாடு.

தன் தவறைத் தானே சொன்னவரை மருத்துவ உலகம் என்ன செய்தது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. எர்னஸ்ட் காட்மன், இவரும் பாஸ்டன்காரர், அறுவை மருத்துவர். மாணவராக இருந்தபோதே, 1894இல், நண்பர் ஹார்வி குஷிங்கோடு சேர்ந்து ஈதர் கொடுக்கும்போது நாடித் துடிப்பைக் குறித்துவைக்கும் தாளை உண்டாக்கினார். இன்றைக்கு நாங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கிற தாளுக்கு அதுதான் தாத்தா. பிற்பாடு 1911இல் சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனை நடத்தினார். வந்துபோன ஒவ்வொரு நோயாளிக்கும் முடிவில் என்ன ஆனது என்று அச்சிட்டே வெளியிட்டார். 337 பேருக்கு 123 பிழைகள், எல்லாம் அவர் கைப்பட எழுதியவை. மற்ற மருத்துவமனைகளும் இப்படிச் செய்யட்டுமே என்று கேட்டார். யாரும் செய்யவில்லை. 1915 ஜனவரியில் உள்ளூர் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் பெரிய கேலிச் சித்திரம் ஒன்றைத் திறந்துவைத்தார்: மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு பொன் முட்டையிடும் நெருப்புக்கோழி. அந்தச் சங்கத்தில் அவர் வகித்த தலைமைப் பொறுப்பிலிருந்து அவரை விலகவைத்துவிட்டார்கள். 1940இல் இறந்தவரின் கல்லறைக்கு 2014இல்தான் பெயர்க்கல் வைத்தார்கள், அதையும் மருத்துவச் சங்கங்களே சேர்ந்து.

இதைப் பேராசிரியரிடம் சொன்னேன். “அப்ப உனக்கும் நூறு வருஷம் ஆகும்” என்றார்.

நான்காவது மாதம் நான் சீட்டு எழுதவில்லை. மேடையேறி, என் பெயரோடு, என் கதையைச் சொன்னேன்.

22 ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது. அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பித்தப்பைக் கல். மேசையில் படுத்ததிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பயம் தெளிய மிடாசோலம் ஒரு மில்லி கொடுக்கலாம் என்று நினைத்தேன். தட்டில் இரண்டு மில்லி சிரிஞ்சுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மிடாசோலம். மற்றதில் சக்சினைல்கோலின், ஆள் தூங்கிய பிறகு, தொண்டைக்குள் குழாய் செருகுவதற்காகத் தசைகளைச் செயலிழக்கவைக்கும் மருந்து. இரண்டும் பார்வைக்குத் தண்ணீர். ஒன்று மில்லிக்கு 1 மில்லிகிராம், மற்றது மில்லிக்கு 50. வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டிப் பேனாவால் முதலெழுத்து எழுதியிருந்தேன். ஸ்பிரிட் பஞ்சு பட்டு மை கலைந்திருந்தது.

ஒரு மில்லி ஏற்றினேன். அரை நிமிடம் ஆகியிருக்காது. அவர் முகத்தில், கன்னத்துத் தோலுக்கு அடியில், ஏதோ நெளிந்தது. நெளிவு கழுத்துக்கு இறங்கியது, தோளுக்குப் போனது. தசைகள் தனித்தனியாகத் துடிப்பது அது. தூங்கிய நோயாளியிடம் நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். விழித்திருப்பவரிடம் அன்றுதான் பார்த்தேன். என் கையைப் பிடித்திருந்த விரல்கள் தாமாக விட்டன. இமை பாதியில் நின்றது. மூச்சு நின்றது.

முகமூடியை வைத்து ஆக்சிஜன் பையை அழுத்த ஆரம்பித்தேன். உதவிக்கு இருந்தவரிடம் தயோபென்டோன் ஏற்றச் சொன்னேன். ஒரு நிமிடத்துக்குள் அவர் உண்மையிலேயே தூங்கிவிட்டார். விரலில் மாட்டியிருந்த பல்ஸ் ஆக்சிமீட்டர் 97க்குக் கீழே இறங்கவே இல்லை. டகுவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர் 1974இல் கண்டுபிடித்துக் கொடுத்த தத்துவம் அது. கொரோனா வந்தபோதுதான் ஊருக்கெல்லாம் அதன் பெயர் தெரிந்தது. அந்த 97ஐ வைத்துத்தான் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறுவை சிகிச்சை நடந்தது, முடிந்தது, அவர் எழுந்தார். தாளில் எல்லாம் சரி.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். “டாக்டர், ஊசி போட்டதும் என்னால கண்ணைத் திறக்க முடியல. மூச்சு விட முடியல. உள்ளே கத்தினேன், சத்தம் வரல. நீங்க ‘சீக்கிரம், சீக்கிரம்’னு சொன்னது கேட்டுச்சு. அது ஏன்?” என்று கேட்டார்.

“சிலருக்கு அந்த மருந்து அப்படித்தான் செய்யும்மா” என்றேன்.

இதைத்தான் மேடையில் சொன்னேன். சிரிஞ்சு மாறியதைச் சொல்ல எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் 22 வருடம் பிடித்தது. அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே காலை அதுதான். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் பூட்டைத் திறந்தபோது பெட்டியில் ஏழு சீட்டுகள் இருந்தன.

எல்லாவற்றையும் இங்கே எழுதினால் நீங்கள் தனி இணைப்பே போடவேண்டியிருக்கும். பெரும்பாலும் மருந்து மாறியது, மாறவிருந்தது. அலாரம் தொந்தரவாக இருக்கிறது என்று சத்தத்தை நிறுத்திவிட்டு மறந்தது. சிலிண்டரில் ஆக்சிஜன் இருந்தும் அதைத் திறக்கும் சாவி கையருகே இல்லாதது (இதை எழுதியவர் சாவியை இப்போது ஒரு சங்கிலியில் கோத்து சிலிண்டரிலேயே கட்டிவைத்திருக்கிறாராம், எங்கள் பாதிப் பேர் அதே வாரம் அதையே செய்தோம்). இரண்டு சீட்டுகளை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடப்போன ஒருவர் எழுதியது. மருந்தை உறிஞ்சிவிட்டார். ஆம்ப்யூலை அப்படியே குப்பைக்குப் போடாமல் பழக்கத்தின்படி திருப்பிப் படித்தார். அதில் எழுதியிருந்தது மரப்பு மருந்து இல்லை, டிரானெக்சாமிக் அமிலம். பிரசவ ரத்தப்போக்கை நிறுத்த நரம்பில் ஏற்றும் அருமையான மருந்து. அதையே முதுகுத் தண்டு நீரில் ஏற்றினால் அது நஞ்சு. நிற்காத வலிப்பு வரும். பாதிப் பேர் பிழைப்பதில்லை. இரண்டு ஆம்ப்யூலும் ஒரே அளவு, ஒரே மாதிரி கண்ணாடி. உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சிலேயே இந்தக் குழப்பத்தைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. மயக்க மருந்துத் தள்ளுவண்டியில் டிரானெக்சாமிக் அமிலத்தை வைக்காதீர்கள், முடிந்தால் தியேட்டருக்கு வெளியே வையுங்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. கூட்டத்தில் கேட்டேன், படித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று. தூக்கிய கைகள் மிகக் கொஞ்சம். நானும் தூக்கவில்லை. மறுநாள் போய் என் தள்ளுவண்டியின் மேல்தட்டைத் திறந்து பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து அறையில் இரண்டும் குடியிருந்தன.

அந்த வாரமே செய்யக்கூடியதாக இருந்ததால் செய்தோம். ஆம்ப்யூல்கள் இடம் மாறின. அப்புறம் சிரிஞ்சுகளுக்கு வண்ண ஒட்டுச்சீட்டு. சர்வதேசத் தர அமைப்பு எப்போதோ வகுத்துவைத்ததுதான்: தூக்க மருந்துக்கு மஞ்சள், மிடாசோலம் இனத்துக்கு ஆரஞ்சு, மார்பின் இனத்துக்கு நீலம், ரத்த அழுத்தம் ஏற்றுவதற்கு ஊதா, மரப்பு மருந்துக்குச் சாம்பல். தசையைச் செயலிழக்கவைப்பதற்குச் சிவப்பு. எல்லா உறுப்பினருக்கும் சுருள் சுருளாக அச்சிட்டுக் கொடுத்தோம். மலர் அச்சடித்த செலவில் ஒரு மூலைக்குக்கூட அது வரவில்லை. சிவப்புச் சுருளை முதன்முதலில் கையில் எடுத்தபோது எனக்கு அந்த அம்மாவின் விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

இரண்டாவது சீட்டில் கேள்விகளுக்குப் பதிலே இல்லை. ஒரே ஒரு வரி: ‘நான் தூங்கிவிட்டேன்.’

வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். யார் என்று யாரும் கேட்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து முன்வரிசையிலிருந்து ஒரு பெண் மருத்துவர், உட்கார்ந்தபடியே, “நானும்” என்றார். அப்புறம் இன்னொருவர். ராத்திரி அவசர சிகிச்சை, விடிய விடிய வேலை, காலை எட்டு மணிக்கு மறுபடி பட்டியலில் முதல் ஆள். நோயாளியைத் தூங்கவைத்துவிட்டு விழித்திருப்பதற்குத்தான் எங்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அந்த விழிப்பு எங்கிருந்து வரும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, நாங்கள் உட்பட. ‘என்னால் இன்றைக்கு முடியாது’ என்று சொல்வது எங்கள் தொழிலில் இன்னும் வெட்கப்படவேண்டிய விஷயமாகவே இருக்கிறது.

அடுத்த ஆண்டுத் திட்டம் என்று அறிக்கையில் நான்கைந்து எழுதியிருக்கிறேன். அவற்றில் முதலாவது இந்தச் சீட்டிலிருந்து வந்தது: இரவு முழுக்க வேலை செய்தவரை மறுநாள் காலைத் திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளுக்குப் போடக்கூடாது என்று, எங்கள் உறுப்பினர்கள் வேலை பார்க்கிற ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகத்துக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம். தனி ஆளாகக் கேட்டால் சோம்பேறி என்பார்கள். சங்கமாகக் கேட்டால் யோசிப்பார்கள். இன்னொன்று, பெட்டியைச் செவிலியர்களுக்கும் தியேட்டர் டெக்னீஷியன்களுக்கும் திறந்துவிடுவது. இதற்கு எங்களுக்குள்ளேயே எதிர்ப்பு பலமாக இருக்கிறது. எங்கள் தவறை நாங்கள் சொல்வது வேறு, பக்கத்தில் நிற்பவர் சொல்வது வேறு என்கிறார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரிகிறது என்பது என் கட்சி. ஓட்டெடுப்பில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

அறுவை சிகிச்சைக்கு முன் படிக்கவேண்டிய சரிபார்ப்புப் பட்டியலை மறுபடி சொல்லிக்கொடுப்பதும் திட்டத்தில் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்தது. 8 நகரங்களில், எட்டு மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள்: உயிரிழப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. அவ்வளவு பலன் தந்த தாளை, பல இடங்களில் ஆபரேஷன் முடிந்தபிறகு மொத்தமாக டிக் அடித்துக் கோப்பில் சேர்க்கிறோம். இதையும் ஒரு சீட்டுதான் சொன்னது.

கடினமான திட்டம் வேறொன்று. நோயாளியிடம் சொல்வது. பெட்டி என்பது எங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு. அதில் சீட்டைப் போட்டுவிட்டால் பாவம் தீர்ந்தது என்று ஆகிவிடக்கூடாது என்று ஒரு இளம் உறுப்பினர் எழுந்து சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். தவறு நடந்தால் அன்றே, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மருந்துப் பெயரோடு சொல்வதற்குப் பயிற்சி வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறோம். நோயாளியாக ஒருவர் நடிப்பார், மருத்துவராக ஒருவர். ஒத்திகை பார்த்தோம். மருத்துவராக நடித்தது நான். மூன்றாவது வாக்கியத்திலேயே “சிலருக்கு இப்படி...” என்று ஆரம்பித்துவிட்டேன். நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

இனி உங்களுக்கு ஒரு வேண்டுகோள். 1982இல் அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, மயக்க மருந்து விபத்துகளால் ஆண்டுக்கு 6,000 பேர் இறக்கிறார்கள் அல்லது மூளை பாதிக்கப்படுகிறார்கள் என்று ஒளிபரப்பியது. மருத்துவர்களுக்கு அது பிடிக்கவில்லைதான். ஆனால் அங்கே பிற்பாடு மயக்க மருத்துவர் சங்கத்தின் தலைவராக வந்த எலிசன் பியர்ஸ் அதை மறுப்பதில் நேரத்தைப் போக்கவில்லை. 1985இல் நோயாளிப் பாதுகாப்புக்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ஹார்வர்டு மருத்துவமனைகள், மயக்கத்திலிருக்கும் நோயாளியின் பக்கத்தில் ஆள் இல்லாமல் இருக்கவே கூடாது, இன்னின்ன அளவுகளை விடாமல் பார்க்கவேண்டும் என்று விதிகளை வெளியிட்டன. 1999இல் வந்த அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, மயக்க மருந்தால் நேரும் மரணம் பத்தாயிரத்துக்கு 2 என்பதிலிருந்து இரண்டு மூன்று லட்சத்துக்கு 1 என்று குறைந்திருப்பதாகச் சொல்லியது. அந்தக் கணக்கில் கூடக்குறைய வாதம் உண்டு. ஆனால் ஊடகம் தட்டியது, சங்கம் கதவைத் திறந்தது, அதுவரை சந்தேகமில்லை.

ஆகவே மருத்துவத் தவறுகளைப் பற்றி எழுதவேண்டாம் என்று நான் கேட்கவில்லை. எழுதுங்கள். மருத்துவரின் பெயரும், உறவினர்கள் முற்றுகையும், போலீஸ் வந்ததும் அன்றைய செய்தி. ஆறு மாதம் கழித்து அதே மருத்துவமனைக்கு உங்கள் நிருபரை அனுப்பி, ‘அந்த மருந்து இப்போது எந்தத் தட்டில் இருக்கிறது?’ என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அப்படி ஒரு செய்தியை என் 35 வருட அனுபவத்தில் எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை.

உங்கள் வாசகர்களுக்கும் ஒன்று. அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் உங்களைப் பார்க்க ஒருவர் வந்து, குறட்டை விடுவீர்களா, ஆடுகிற பல் இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று சம்பந்தமில்லாததுபோல் கேட்பார். அவர்தான் மறுநாள் உங்களுக்காக மூச்சு விடப்போகிறவர். எதையும் மறைக்காதீர்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை முக்கியமாக. அப்படியே அவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தூங்கினாரா என்றும் கேட்கலாம். எங்களில் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

போன வாரம் பெட்டியின் சாவியைப் புதிய செயலாளரிடம் கொடுத்தேன். என்னைவிட இருபது வயது இளையவர். கையோடு திறந்து பார்த்தார். உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று வழக்கமான சீட்டு. இன்னொன்று நாலாக மடித்த வெறும் தாள், ஒரு எழுத்துகூட இல்லை. யாரோ எழுத நினைத்து, முடியாமல், அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கிழிக்கவா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மடிப்பைச் சரிசெய்து மறுபடியும் உள்ளேயே போட்டுப் பூட்டினார்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டுவீர்கள் என்று தெரியும். வெட்டுவதாக இருந்தால் காட்மன் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், அந்த அம்மாவின் கதையை விட்டுவிடுங்கள். அப்படியே, படத்துக்குக் கீழே ‘மயக்க மருத்துவர்கள்’ என்று இருந்திருக்கவேண்டும் என ஒரு வரித் திருத்தமும் போட்டால் நல்லது. பேராசிரியர் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
பதவி இறங்கும் செயலாளர்,
மயக்க மருத்துவர் சங்கம்